தோள் சோடி

மூட்டை தூக்குகிறவன் பாரத்தோடு நிற்கக் கூடாது. நடந்தால் பாரமும் கூட நடக்கும். நின்றால் அது முதுகை விட்டு ஆளுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்கு நாட்டாமை என்று பெயர். இது தெரியாத நாட்டாமை கல்முனை பசாரில் கிடையாது. ஆனாலும் நான் ஒரு நாள் பாரத்தோடு நின்றேன். அதை எழுதுவதென்றால் எங்கள் சங்கம் தொடங்கிய கதையிலிருந்துதான் எழுத வேண்டும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் சாய்ந்தமருதில் நாங்கள் வேலை செய்த ஹாஜியாரின் நெல் மில்லின் தெற்குச் சுவர் விழுந்தது. சுவருக்கு உட்பக்கம் படுத்திருந்து அதில் நசுங்கிச் செத்தவன் பதுளைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு நாட்டாமை. எல்லோரும் அவனை ராசா என்போம். சொந்தப் பெயரா, நாங்கள் வைத்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரே தன் தன் கூரையைத் தேடிக்கொண்டிருந்த நேரம். தென்னைகள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பதுளைக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. பள்ளிவாசல்காரர் அவன் எங்கள் ஆள் இல்லை என்றார்கள். காரைதீவுப் பக்கத்தார் அவன் எந்த ஊர், எந்தக் குடி என்று கேட்டார்கள். ஒருவர் மீதும் குற்றமில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பிரேதம், எங்கள் பேச்சில் மையத்து, கிடந்தது.

மில்லில் மூத்த நாட்டாமை கச்சிமுகம்மது காக்கா. எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். கறுத்த குள்ள மனிதர் அவர். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ராசாவின் இடுப்பிலிருந்த மூட்டைக் கொக்கியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இவன் தூக்கின மூட்டையெல்லாம் ஊர் தின்டிச்சி. இவனைத் தூக்க ஊரில ஆள் இல்லியா? நாமதான்டா தூக்கணும்."

"நமக்கு அவங்கட முறை தெரியாதே காக்கா" என்றேன்.

"வேலப்போடிக்குத் தெரியும். அவன் சொல்லட்டும், நாம செய்வம். பாரம் தூக்கிறதில என்ன முறை வேண்டிக்கிடக்கு?"

வேலப்போடி காரைதீவுத் தமிழன். போடி என்றால் பெரிய வயல்காரன், ஆனால் அவனுக்குப் பெயரில்தான் போடி இருந்தது. ஒரு துண்டு வயல்கூட இல்லாதவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன். நானும் அப்படித்தான். மில்லில் எஞ்சின் சாமான் வந்தால், தடி போட்டு இரண்டு பேர் தோளில் காவ வேண்டியதென்றால், எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். அப்படிச் சேர்ந்து காவுகிற இருவரைத் தோள் சோடி என்போம். தோள் மட்டம் சரியாக வராவிட்டால் பாரம் முழுவதும் குட்டையானவன் பக்கம் சரிந்துவிடும். அன்றைக்குப் பாடையின் முன்தலையை நாங்கள் இருவரும் பிடித்தோம். பின்னுக்குக் காக்காவும் இன்னும் மூன்று பேரும். கடற்கரை மயானத்தில் வேலப்போடி சொல்லச் சொல்ல எல்லாம் செய்தோம். கொள்ளி வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் அவன் தானே போய் நின்றான்.

திரும்பி வந்தபோது ராசாவின் கொக்கி காக்காவின் கையிலேயே இருந்தது. கொடுக்க வீடும் இல்லை, வீட்டில் ஒரு பெண்ணும் இல்லை. விழாமல் நின்ற சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார். சங்கம் தொடங்கியது அந்த ஆணியில்தான்.

பிறகு ஒவ்வொருத்தனும் தன் தன் கொக்கிக்கு ஓர் ஆணி அடித்தான். வேலை முடிந்தால் கொக்கி ஆணிக்கு, ஆள் வீட்டுக்கு. காக்கா ஒரே ஒரு சட்டம் வைத்தார். சங்கத்து ஆள் யார் கண் மூடினாலும், அவனுடைய தோள் சோடி அவனது கொக்கியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரேதத்தின் முதல் தூக்கு. முதல் தூக்கு சங்கத்து ஆட்கள் ஆறு பேருக்கு. வாசலைத் தாண்டிய பிறகு தெருவாரும் சொந்தக்காரரும் மாறி மாறிப் பிடிக்கலாம். அவன் எந்த வேதக்காரனானாலும் இதுதான்.

சங்கம் வளர்ந்தது. பாண்டிருப்பிலிருந்து ஆள் வந்தது, மாவடிப்பள்ளியிலிருந்து வந்தது, நிந்தவூர் மில்காரரும் வந்து சேர்ந்தார்கள். சூறாவளியில் விழுந்த வாகை மரத்தைப் பிளந்து எங்களுக்கென்று ஒரு சந்தூக்கு, மையத்தைத் தூக்கிப் போகிற பெட்டி, செய்தோம். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு நானும் வேலப்போடியும் சாக்கு விரித்து உட்கார்ந்து அகரம் எழுதினோம். அவன் கை எப்போதும் பெரிதாகத்தான் எழுதும்.

"என்ன கா, உன்ட எழுத்து அட்டி மாதிரிக் கிடக்கு" என்பேன். அட்டி என்றால் மூட்டை அடுக்கிய குவியல்.

"உன்டது மாரிக்குச் சரிஞ்ச அட்டி" என்பான்.

வருசத்துக்கொருமுறை மில்லில் கந்தூரி கொடுத்தோம். ஆறு ஆறு பேராக ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். வேலப்போடியும் அவன் ஊரவர்களும் இருந்தபடியால் மீன்கறிதான். அபுல் ஹஸன் என்று ஒரு இளந்தாரி. நல்ல பலசாலி, வாய் அதைவிடப் பலம். ஒவ்வொரு வருசமும் அதே கேள்வி.

"மாட்டிறைச்சி இல்லாத கந்தூரி என்ன கந்தூரி காக்கா?"

"மாட்டைக் கேட்டுப் பாருடா, நல்ல கந்தூரி என்டு சொல்லும்" என்பார் காக்கா.

சிரிப்போம். அபுல் ஹஸனும் சிரிப்பான். மீன் தலை எப்போதும் அவனுக்குத்தான் போகும். எடுத்து வைப்பது வேலப்போடி.

எண்பத்தொன்று மாரியில் என் மூத்த மகன் வெள்ள வாய்க்காலில் போனான். பத்து வயதுப் பிள்ளை. வேலப்போடி மில்லிலிருந்து ஓடி வந்து எனக்கு முன்னால் வாய்க்காலில் குதித்தான். கொண்டு வந்து கரையில் போட்டதும் அவன்தான். பின்நேரம் சந்தூக்கின் முன்தலையில் ஒரு பக்கம் அவன் தோள், ஒரு பக்கம் என் தோள். எங்கள் இருவருக்கும் அது ஒரு பாரமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தெருவில் ஒரு பெரியவர், "காபிர் ஆள் ஜனாஸாவைப் பிடிக்கிறதா" என்று குரல் எழுப்பினார். காக்கா நடையை நிறுத்தாமல் சொன்னார்: "மௌலவிக்கிட்டக் கேட்டாச்சி. உங்கட தோளை வேணுமென்டா தாங்க, வாயை வேணாம்." எங்கள் மயானமான மையவாடியின் வாசலில் வேலப்போடி தன் பக்கத்தை அந்தப் பெரியவர் தோளிலேயே கொடுத்துவிட்டு, துவாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்றான். மழை விடவில்லை. மண் போட்டு, ஓதி, எல்லோரும் கலைந்து நான் கடைசியாக வெளியே வந்தபோதும் அதே இடத்தில் நின்றான்.

"உனக்கு இதை நான் எப்படித் திருப்பிச் செய்வன்?" என்றேன்.

"என்னைத் தூக்க வா. சரியாத் தூக்கணும், சரிச்சிப் போடாத. எங்கட ஊரில எல்லாம் கத்தரிக்கண்டு உயரம்."

என் மனைவி ஹாஜறா வழக்கமாக, "உங்களுக்குப் பொஞ்சாதி நானா, வேலப்போடியா?" என்று நக்கல் பண்ணுவாள். அதற்குப் பிறகு அந்த நக்கலை விட்டுவிட்டாள். பெருநாளுக்குப் பலகாரம் செய்தால் அவன் மனைவி செல்லத்தங்கத்துக்கு முதலில் கட்டி வைப்பாள்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நெருப்பு வந்தது. யார் மூட்டியது என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கண்டது புகை மட்டும்தான். ஒரு நாள் காரைதீவுப் பக்கம், அடுத்த நாள் எங்கள் பக்கம். அபுல் ஹஸனின் மச்சான் வயலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வரம்போரம் கிடந்தான். நாங்கள்தான் தூக்கினோம். காரைதீவில் எரிந்த வீடுகளில் வேலப்போடியின் வீடும் ஒன்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள்ளிருந்து என்ன எடுத்தார்கள், என்ன போனது என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

தமிழ் ஆட்கள் மில்லுக்கு வருவது நின்றது. கொக்கிகள் ஆணியில் அப்படியே தொங்கின. ஒருநாள் அபுல் ஹஸன் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினான்.

"இறக்குடா ஏணியை" என்றார் காக்கா.

"இதெல்லாம் என்னத்துக்கு இஞ்ச தொங்குது? என்ட மச்சானை வெட்டினவன்ட ஊர்க் கொக்கி."

"ஆள் செத்தாத்தான் கொக்கி இறங்கும். சட்டம் உனக்கு வேற, அவனுக்கு வேறயா?"

"சட்டம்! காக்கா, சட்டம் இருக்கு, ஆள் எங்க?"

காக்கா ஏணிக்கு முன்னால் போய் நின்றார். அபுல் ஹஸன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். கொக்கிகள் துருப்பிடித்தன. நான் ஒரு கொக்கியை மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தேன். மற்றவர்கள் கண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வருசம் தைப் பொங்கல் போய்ச் சில நாள். காரைதீவுச் சந்தி வரைக்கும் சைக்கிளில் போய் வருகிற மீன் வியாபாரி ஒருவர் காலையில் மில் வாசலில் வந்து நின்றார்.

"மீராமுகைதீன், உன்ட ஆள் விடியக்குள்ள முடிஞ்சாம். நெஞ்சு இரைப்பு. கொக்கி வராம தன்னைத் தூக்க வேணாம் என்டு சொல்லிப் போட்டுத்தான் கண்ணை மூடினவராம். பொஞ்சாதி உன்னைக் கேட்டு அழுதாம். அவர்ட மச்சினன், இளையதம்பி, அவன்தான் சந்தியில வந்து சொன்னான். பின்நேரம் ஊரடங்கு, அதுக்கு முதல் வரச் சொல்லு என்டான்."

நெல்லுத் தூசிதான். அவனுக்கு எப்போதும் இருமல் உண்டு.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். சட்டப்படி ஆறு பேர் வேண்டும். சிலர் மூட்டையை இழுத்துக் கட்டுவது போல நடித்தார்கள்.

"உன்ட மகனைத் தூக்கினான். ஓம், நானும் கண்டன்" என்றான் அபுல் ஹஸன். குரலில் வழக்கமான துடுக்கு இல்லை. "என்ட மச்சானைத் தூக்க அவன் வந்தானா?"

"எப்படிடா வருவான்?"

"அதைத்தான் நானும் சொல்றன். எப்படி நாம போவம்?"

நான் ஆணியிலிருந்து கொக்கியை எடுத்தேன். காக்கா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். அவருக்கு முழங்கால் விட்டுப்போய் அப்போதே ஒரு வருசம். கம்பு ஊன்றித்தான் நடப்பார்.

"மீரா, நீ போறதென்டா போ. கொக்கியை வைச்சிட்டுப் போ. வெறுங்கையோட போனா ஆமி சென்றியில விடுவான். இரும்பைக் கண்டா விடமாட்டான்."

"சட்டம் வைச்சது நீங்கதானே காக்கா."

"நான் வைச்ச சட்டம்தான். நானே சொல்றன், வைச்சிட்டுப் போ. அவனுக்கு உன்ட தோள்தான் வேணும்."

"அவன் கேட்டது கொக்கியை."

காக்கா கையை விட்டார். எத்தனையோ தரம் அந்தப் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தச் சுவரடியில் நின்றுகொண்டு வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. சும்மாட்டுத் துணியில் கொக்கியைச் சுற்றி, சாரத்துக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹாஜறா வாசல் வரை வந்தாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "செல்லத்தங்கத்துக்கு நான் ஸலாம் சொன்னதாச் சொல்லுங்க" என்றாள்.

மாளிகைக்காடு தாண்டி, காரைதீவு தொடங்குகிற இடத்தில், மயானத்துக்குப் பாதை பிரிகிற முடக்கில் மண்மூட்டை அடுக்கிக் காவலரண் வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன வெற்றிலைக்காரக் கிழவரைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டார்கள். என் இடுப்பில் கை வைத்த பொடியன் ஆமிக்காரன் துள்ளி விலகித் துவக்கை நீட்டினான். சிங்களத்தில் கத்தினான். நான் இரண்டு கையையும் தூக்கினேன். இன்னொருவன் துணியை அவிழ்த்தான். கொக்கி எண்ணெய் மினுக்கத்தோடு வெளியே வந்தது. துருப்பிடித்த கொக்கியாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. புதிதாகத் தீட்டியது போல இருந்தது.

முழங்காலில் இருத்தினார்கள். துவக்கின் பின்பக்கத்தால் தோளில் ஒன்று விழுந்தது. இடது தோள், நான் எப்போதும் கொடுக்கிற தோள். எனக்குத் தெரிந்த இரண்டே சிங்களச் சொல்லை எடுத்துவிட்டேன்.

"நாட்டாமி, மாத்தயா. நாட்டாமி!"

மாத்தயா என்றால் ஐயா. நாட்டாமி அவர்களுக்கும் அதே சொல்தான். பெரியவன் ஒருவன் வந்து என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான். கழுத்துப் பின்புறக் காய்ப்பை விரலால் அமுக்கிப் பார்த்தான். பிறகு சிரித்து ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என்னை விடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் மர நிழலில் இருத்தி வைத்தார்கள். வெயில் ஏறியது. ஊருக்குள்ளிருந்து பறை கேட்கவில்லை. பறை அடிக்கிற காலம் இல்லை. அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எழுந்து கையைக் கூப்பி, "மையத்து, மாத்தயா, மையத்து" என்றேன். உட்காரச் சொன்னார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு லொறி வந்தது. அரிசி, பருப்பு, சீனி மூட்டை. என்னை எதற்கு வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. பெரியவன் வேலப்போடியின் கொக்கியை என் கையில் தந்து லொறியைக் காட்டினான். இறக்கி முடித்தால் போகலாம் என்று சைகை செய்தான்.

நான் ஓட்டமாகத் தூக்கினேன். வாழ்நாளில் அப்படி ஒரு வேகம் தூக்கியதில்லை. பலகையில் ஏறி, கொக்கியைக் கொளுவி, முதுகில் சாய்த்து, ரோட்டைக் கடந்து, கொட்டிலுக்குள் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டம். ஆமிக்காரப் பொடியன்கள் கைதட்டினார்கள். லொறியில் இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு அரிசி மூட்டை முதுகில், ரோட்டில் பாதி தூரம் வந்திருந்தேன். ஊர்ப் பக்கமிருந்து வெள்ளை வேட்டிகள் வந்தன.

இளையதம்பி முன்னால் கொள்ளிச் சட்டியோடு. பின்னால் பாடை. ஊரடங்கு வருகிறது, அதற்கு மேல் காத்திருக்க அவர்களால் முடியாது. முன்தலையில் ஒரு பக்கம் உயரமான பொடியன், மறுபக்கம் ஒரு குட்டையான கிழவர். பாடை ஒரு பக்கமாகச் சரிந்து, அந்தக் கிழவர் கழுத்தை வளைத்துக்கொண்டு தடுமாறினார். வேலப்போடியின் கால் கட்டு அவிழ்ந்துவிடும் போல இருந்தது. நீளமான கால்.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கிழவர் இடத்தில் தோளைக் கொடுக்க வேண்டும் போல உடம்பு முன்னால் போனது. துவக்கின் குதிரை இழுபடுகிற சத்தம் பின்னால் கேட்டது. பொடியன் ஒருவன் எனக்குத்தான் நீட்டியிருந்தான். ஆனால் நான் ஓடினால், அவன் சுட்டால், அது என்னோடு நிற்காது. அத்தனை பேரும் ரோட்டில் நின்றார்கள்.

நான் நின்றேன். மூட்டையோடு, குனிந்தபடி, பாடை என்னைத் தாண்டும் வரைக்கும். கலிமா வாயில் வந்தது. அவனுக்கு அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொன்னேன். பாரம் முதுகை விட்டு இடுப்புக்கும், முழங்காலுக்கும், குதிக்காலுக்கும் இறங்கியது. இளையதம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் என் முகத்திலும், மூட்டையிலும், பிறகு கொக்கியிலும் போனது. அதற்குப் பிறகு திரும்பவில்லை.

லொறி முடிந்ததும் விட்டார்கள். ஒரு டின் மீனும் தந்தார்கள். அதை வேலியோரம் வைத்துவிட்டு வேலப்போடியின் வீட்டைத் தேடிப் போனேன். கரி பிடித்த சுவருக்கு மேல் கிடுகு போட்டிருந்தது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் முற்றத்தில் நின்றார்கள். இளையதம்பி படலையைத் திறக்கவில்லை.

"எங்கட பிரேதம் போகக்குள்ள நீ ஆமிக்காரனுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு நின்டாய்."

"தம்பி, என்னை மறிச்சி வைச்சவங்க. காலமையிலிருந்து..."

"எங்கட ஆக்களை மறிச்சா அடிப்பான். உன்னை மறிச்சா வேலை தருவான். எங்களுக்கு விளங்கும்."

"கொக்கியைக் கொண்டு வந்தன். தங்கச்சியைக் கூப்பிடு, அவட கையில குடுத்திட்டுப் போறன்."

செல்லத்தங்கம் கிடுகுக்குப் பின்னால் இருந்தாள். அவள் குரல் மட்டும் வந்தது. அழுது ஓய்ந்த குரல்.

"மீரா காக்கா, பகல் முழுக்கப் பார்த்தன். ஆக்கள் தூக்குவம் தூக்குவம் என்டாங்க, நான்தான் விடல்ல. நாறப்போகுது என்டு சொல்லும் மட்டும் விடல்ல. அந்தக் கொக்கியாலதான் அவனுகள்ற மூட்டையைத் தூக்கினயளா?"

"ஓம்" என்றேன். வேறு எதைச் சொல்ல?

"அப்ப அது எனக்கு வேணாம்."

ஹாஜறாவின் ஸலாமைச் சொல்ல வாய் வரவில்லை. ஊரடங்கு நேரமாகிவிட்டது. கடற்கரையோரமாகத் தவழ்ந்தும் நடந்தும் வீட்டுக்கு வந்தேன்.

காலையில் மில்லில் எல்லோருக்கும் செய்தி வந்திருந்தது. "ஆமிக்குப் போய் இறக்கினியாமே, கூலி என்ன, டின் மீனா?" என்று ஒருவன் கேட்டான். அபுல் ஹஸன் அவனைப் பிடரியில் ஓர் அடி போட்டான். அடித்துவிட்டு என் பக்கம் வராமல் தன் மூட்டையைத் தூக்கப் போனான்.

கொடுக்க வீடு இல்லாதவன் கொக்கி சுவருக்கு என்பது முதல் நாள் வந்த வழக்கம். வேலப்போடிக்கு வீடு இருந்தது, வீட்டில் பெண்ணும் இருந்தாள். நான் ராசாவின் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து மாட்டினேன். காக்கா கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "சரிஞ்சி கிடக்கு, நேராக்கு" என்றார். நேராக்கினேன்.

இப்போது சங்கத்துக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. காக்கா மௌத்தாகிவிட்டார். அவர் கொக்கியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவருடைய சோடி அவருக்கு முன்பே போய்விட்டதால். அபுல் ஹஸன் தலைவர். ஆள் நிறையச் சேர்ந்துவிட்டது, எல்லோரும் ஒரே பள்ளிவாசல் ஆட்கள். கந்தூரிக்கு மாடு அறுக்கிறார்கள். பழைய சுவரை ஹாஜியார் இடிக்கப்போகிறார் என்று சொன்னதும், அபுல் ஹஸன் தானே ஏணி வைத்து ஏறி அந்த இரண்டு கொக்கியையும் கழற்றி, ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து என் மடியில் வைத்தான்.

"புதுச் சுவரில அடிக்கட்டா காக்கா?"

"அடி" என்றேன்.

அடித்தான். முதல் தூக்குக்கு என்னை இப்போது கூப்பிடுவதில்லை. என் மட்டத்துக்கு ஆள் இல்லை. ஜனாஸாவுக்குப் பின்னால், இடது தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு நடப்பேன். மையவாடி வாசலில் மற்றவர்கள் உள்ளே போவார்கள். நான் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டுத்தான் போவேன்.